எதிர்த்துப் பேசுகிறவரைக் கிட்டே கூப்பிடுங்கள்!

திருத்தணி மலைக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடிகளுக்கு நடுவே இடிபட்டுக்கொண்டு ஏறியிருக்கலாம். இல்லை, டிசம்பர் 31-ந் தேதி ராத்திரி படித்திருவிழாவுக்குப் படிப்படியாகச் சூடம் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, மொத்தம் 365 என்று பக்கத்தில் ஏறியவர் சொல்லியிருப்பார். மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் இன்னொரு கதையும் காதில் விழுந்திருக்கும். சூரபத்மனோடு போர் முடித்து வந்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது. ‘செரு’ என்றால் போர். செரு தணிந்ததால் ‘செருத்தணி’, அதுதான் திருத்தணி ஆயிற்று என்பார்கள்.

சாமிக்குத் தணிந்துவிட்டது. நமக்கு?

மலையை விட்டு இறங்கி, வண்டி அரக்கோணம் ரோட்டைத் தொடுவதற்குள் பின்சீட்டில் ஆரம்பித்துவிடுகிறது. “இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டா கிட்னி போயிடும், எனக்குத் தெரியும்” என்கிறார் பெரியவர். “உங்களுக்கு என்ன தெரியும்? டாக்டரைவிடவா?” என்கிறான் பிள்ளை. மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பேரன் செல்போனில் எதையோ தேடி, இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறான். வீடு வந்து சேரும்போது யார் ஜெயித்தது? யாருமில்லை. ஏறினது பி.பி.தான்.

இதைப் படித்ததும், “அதனால் வாக்குவாதமே வேண்டாம், மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லப்போகிறேன் என நினைத்தீர்களா? கிடையாது. வாக்குவாதம் வேண்டும். அதுவும் நமக்கு ஒத்துப்போகாத ஆளோடுதான் வேண்டும். அவரை ஜெயிப்பதற்காக அல்ல, நம் அபிப்பிராயத்தில் இருக்கும் கல்லையும் உமியையும் புடைத்து எடுப்பதற்காக! நமக்கு ஆமாம் போடுகிறவர் கையில் முறம் இருக்காது.

அதற்கு நல்ல உதாரணம் ஒருவர், இதே திருத்தணியில் பிறந்தவர்.

மலையடிவாரத்துப் பிள்ளை

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். அப்பாவுக்கு வருவாய்த் துறையில் சின்ன உத்தியோகம், வசதி குறைந்த குடும்பம். திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளிக்கூடம், வேலூரில் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி (அப்போது அது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது) என்று பெரும்பாலும் பாதிரிமார் நடத்திய இடங்களில்தான் படிப்பு. தத்துவப் பாடம் எடுத்ததுகூடத் தத்துவ ஆசையால் அல்ல. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரப் பையன் தன் புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். புத்தகச் செலவு மிச்சம்! பிற்காலத்தில் உலகமே அறிந்த தத்துவப் பேராசிரியர் உருவான கதை இப்படித்தான் தொடங்கியது.

வகுப்பில் என்ன நடந்தது என்றால், அவர் வீட்டில் கும்பிட்டு வளர்ந்த மதத்தை ஆசிரியர்கள் கேள்விமேல் கேள்வியாகக் குடைந்தார்கள். வேதாந்தம் உலகத்தை மாயை என்கிறது. உலகமே மாயை என்றால் அதில் நல்லது என்ன, கெட்டது என்ன? பசித்தவனுக்குச் சோறு போடுவதும் போடாததும் ஒன்றுதானே? ஆகவே வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை. இதுதான் குற்றச்சாட்டு.

பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! வாயை மூடிக்கொண்டு மார்க் வாங்கியிருக்கலாம். கோபித்துக்கொண்டு கல்லூரியை மாற்றியிருக்கலாம். அவர் செய்தது வேறு. அந்தக் கேள்வியையே எம்.ஏ. ஆய்வுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். வேதாந்தத்தின் அறநெறி பற்றிய அந்தக் கட்டுரை 1908-ல் புத்தகமாகவும் வந்தது. அப்போது அவருக்கு இருபது வயது.

யோசித்துப் பாருங்கள். அதைப் படித்து மதிப்பெண் போட வேண்டியவர்களே குற்றம் சொன்ன ஆசிரியர்கள்தான். பையனுக்கு உள்ளூர உதறல். அந்த ஆசிரியர்களில் ஒருவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். பிற்காலத்தில் அந்தக் கல்லூரிக்கே முதல்வரானவர். ஹாக் கோபிக்கவில்லை. ‘இந்தப் பையனுக்கு விஷயம் புரிந்திருக்கிறது’ என்கிற தோரணையில் பாராட்டிச் சான்றிதழே எழுதிக் கொடுத்தார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. கர்மக் கொள்கையை விமர்சித்தார் என்றாலும் மேம்போக்காகத் திட்டாமல், அதை உட்கார்ந்து ஆராய்ந்து 1909-ல் தனிப் புத்தகமே போட்டவர்.

இதில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ராதாகிருஷ்ணன் பிறகு தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, கிறிஸ்தவ விமர்சகர்கள் விட்ட சவால்தான் தன்னை இந்து மதத்தைப் படிக்கத் தூண்டியது என்று ஒத்துக்கொண்டார். எதற்காகப் படித்தாராம்? அதில் உயிரோடு இருப்பது எது, செத்துப்போனது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு. ‘செத்துப்போனது எது’ என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். தன் கட்சிக்கு வக்காலத்து வாங்க மட்டும் போயிருந்தால் அந்தப் பாதி அவர் கண்ணில் பட்டிருக்காது. எதிராளி ஐம்பது பங்கு தப்பாகச் சொன்னாலும், மீதியில் நமக்கு உறைக்கவேண்டிய ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போனவர் 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார், 1962-ல் ஜனாதிபதி ஆனார். (மாயைக்கு அவர் சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் மறுக்கிற அறிஞர்கள் உண்டு. மறுக்கட்டும். அவரே அப்படி வந்தவர்தானே!)

இருபது நிமிஷம்

“அவர் மகான், நான் மனுஷன். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது” என்கிறீர்களா? அதிலும் கொஞ்சம் உடம்பு சமாசாரம் இருக்கிறது. எதிராளி ஒரு வார்த்தை குத்தலாகச் சொன்னதும் அட்ரீனலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, வாய் உலர்கிறது. காட்டில் புலியைப் பார்த்தால் ஓடவோ அடிக்கவோ உடம்பு செய்துகொள்கிற அதே ஏற்பாடு. உங்கள் மச்சினர் புலி இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது!

தம்பதிகள் சண்டை போடுவதைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்தே பல வருஷம் ஆராய்ந்தவர் ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர். நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி பேசுவது காதில் விழுந்தாலும் மனசில் ஏறாது என்கிறார். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல ஆதாரம் காட்டினாலும் வீண். குறைந்தது இருபது நிமிஷம் விலகியிருக்கச் சொல்கிறார். மாடிக்குப் போய்த் துணி மடியுங்கள், செடிக்குத் தண்ணீர் விடுங்கள். ஆனால் அந்த இருபது நிமிஷமும் ‘அப்படிக் கேட்டிருக்கலாமே, இப்படி மடக்கியிருக்கலாமே’ என்று ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. எழுந்து போவதற்கு முன்னால், “கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பேசறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அது வேறு ஒரு சண்டை.

குழந்தைகளோடு ஒரு விளையாட்டு

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் இதை விளையாடிப் பாருங்கள். 2, 4, 6 என்று மூன்று எண் சொல்லுங்கள். “இதில் ஒரு விதி இருக்கிறது, கண்டுபிடிக்க வேண்டும். நீங்களும் மூன்று மூன்று எண்ணாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்வேன்” என்று ஆரம்பியுங்கள்.

பெரும்பாலும் என்ன நடக்கும்? ஒருவர் 8, 10, 12 என்பார். பொருந்துகிறது. இன்னொருவர் 20, 22, 24 என்பார். அதுவும் பொருந்துகிறது. “கண்டுபிடிச்சாச்சு, இரண்டு இரண்டாகக் கூட வேண்டும்!” என்று கூவுவார்கள். தப்பு! விதி அது இல்லை. ஒன்றைவிட அடுத்தது பெரியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 500 கூடச் சரிதான். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் லண்டனில் இந்தச் சோதனையை நடத்தி 1960-ல் எழுதினார். படித்தவர்களே பெரும்பாலோர் முதல் தடவை தப்பான விதியைத்தான் அடித்துச் சொன்னார்கள். ஏன்? தாங்கள் நினைத்ததற்கு ‘ஆமாம்’ கிடைக்கிற எண்களாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘இல்லை’ வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

நாமும் அதே. வெந்தயம் சாப்பிட்டு யாருக்குச் சுகர் இறங்கியது என்று விசாரிப்போம். சாப்பிட்டும் இறங்காதவரைத் தேடிப் போய்க் கேட்போமா? நம்மோடு ஒத்துப்போகாத ஆள்தான் அந்த ‘இல்லை’யைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் துரத்திவிட்டால் கடைசி வரை 8, 10, 12 தான்.

டாக்டர்களும் இதற்கு விலக்கல்ல. வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையும் காரணம் என்று ரொம்பக் காலம் சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், ஒரு கிருமி காரணம் என்று 1980-களில் சொன்னபோது, வயிற்று அமிலத்தில் கிருமியாவது வாழ்வதாவது என்று பலர் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இருந்தாலும் எல்லா அல்சருக்கும் கிருமிதான் காரணம் என்று சொல்ல முடியாது. வலி மாத்திரைகளை அடிக்கடி போட்டுக்கொள்வதாலும் புண் வரும். சந்தேகப்பட்டுக் கேட்டவர்கள் இருந்ததால்தான் இரண்டு காரணமும் தனித்தனியாகத் தெளிந்தன.

பால் விவகாரம்

மறுபடி ராதாகிருஷ்ணன். 1915-ல் காந்தி சென்னை வந்தபோது ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். மாநிலக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளம் பேராசிரியர் அங்கே அவரைப் பார்க்கப் போனாராம். காந்திக்குப் பால் ஆகாது. பால் என்பது மாட்டு மாமிசத்தின் சாரம், குடிக்காதீர்கள் என்றாராம். அப்படியானால் தாய்ப்பால் குடித்த நாமெல்லாம் மனுஷ மாமிசம் தின்றவர்களா என்று கேட்டாராம் பேராசிரியர். காட்டில் ஆயிரக்கணக்கில் பிரசவம் நடக்கிறது, வைத்தியம் எதற்கு என்று காந்தி கேட்க, ஆயிரக்கணக்கில் சாகவும் சாகிறார்களே என்று பதில் வந்ததாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் ஒருவர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் மற்றவர். கடைசியில் நடேசன் குறுக்கிட்டு, இவர் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என்று காந்தியை எச்சரித்ததாகச் சொல்வார்கள்.

படிக்க ஜோராக இருக்கிறது. பேராசிரியருக்கு இரண்டு பாயிண்ட்! ஆனால் காந்தி அன்றைக்குப் பால் குடித்தாரா? இல்லை.

குடித்தது 1919-ல். வயிற்றுப்போக்கு வந்து நொந்து, மூலத்துக்கு ஆபரேஷனும் ஆகி, எலும்பும் தோலுமாகக் கிடந்தார். பால் சாப்பிடாவிட்டால் உடம்பு தேறாது என்று டாக்டர் சொன்னார். எடுத்த விரதத்தை விடமாட்டேன் என்றார் காந்தி. கட்டிலருகே நின்றிருந்த கஸ்தூரிபா வாதாடவில்லை. பசுவையும் எருமையையும் கொடுமைப்படுத்திக் கறக்கிறார்கள் என்பது அவர் மனசை உறுத்திய விஷயம் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். காந்தி இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உட்பொருளை விட்டுவிட்டேனே என்ற வருத்தம் தமக்குத் தீரவில்லை என்று ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதினார், அது வேறு. உயிர் பிழைத்தது.

பேராசிரியர் தன் பக்கம் நின்றுகொண்டு எதிராளியின் வாதத்தை உடைத்தார். கஸ்தூரிபா எதிராளியின் பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து ஒரு வாசல் தெரிகிறதா என்று பார்த்தார். நம் வீடுகளில் முதல் வகை வாதத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஊரை எப்படிப் பிரித்தார்கள்?

திருத்தணியே ஒரு பெரிய வாக்குவாதத்தில் மாட்டிக்கொண்ட ஊர்தான். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் போராடினார்கள். இரண்டு பக்கமும் உணர்ச்சி கொதித்தது. ‘முழு ஜில்லாவும் எங்களுக்கு’, ‘ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம்’ என்கிற பேச்சு ஓயவில்லை. பிறகு பட்டாஸ்கர் வந்தார். முழுத் தாலுகா யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கிராமத்தை ஓர் அலகாக வைத்து, இந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம், பக்கத்துக் கிராமங்களோடு இது சேர்ந்தாற்போல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்தப் பக்கமும் சில கிராமங்கள் போயின. எல்லாருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேள்வியைச் சின்னதாக்கியதும் பதில் கிடைத்தது.

இந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டு வருவோம். பெயர் வேண்டாம், எல்லாத் தெருவிலும் இருக்கிற ஒரு வீடு. அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிடுகிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நைனாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சுகர். மாத்திரை கேட்கவில்லை, இன்சுலின் போட வேண்டும் என்கிறார் டாக்டர். “ஊசி போட்டா கால் போயிடும். எங்க அண்ணனுக்கு ஊசி ஆரம்பிச்ச ஆறாம் மாசம் காலை எடுத்தாங்க” என்கிறார் நைனா. “படிக்காத மாதிரி பேசாதீங்க” என்கிறான் பிள்ளை. மூன்று மாசமாக இதே இடத்தில் நிற்கிறது. சுகர் நிற்கவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது.

இங்கே ‘இங்கிலீஷ் வைத்தியமா, நாட்டு வைத்தியமா’ என்பது முழுத் தாலுகா. அதை விடுங்கள். ஒரு கிராமத்தை எடுங்கள். “பெரியப்பாவுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி காலில் புண் இருந்ததா, நைனா?” இருந்திருக்கும். வருஷக்கணக்கில் ஏறிப்போன சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்து, புண் ஆறாமல் போன பிறகுதான் பலருக்கு ஊசியே ஆரம்பிக்கிறார்கள். ஊசிக்குப் பின்னால் கால் போனது, ஊசியால் போகவில்லை. நைனா பார்த்தது பொய் இல்லை, வரிசை மட்டும் மாறிவிட்டது. இதைச் சொல்லும்போது ‘நீங்க பார்த்தது நிஜம்தான்’ என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது பிள்ளையின் முறை. நைனாவின் பயத்தில் சரியாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. “ஊசி போட்டுட்டு விடிகாலையில் வேர்த்துக் கொட்டி மயக்கமாயிட்டா யார் பார்க்கறது?” என்கிறார். நியாயமான கேள்வி! இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலோ, அளவு கூடினாலோ சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வேர்வை, நடுக்கம், குழப்பம் வரும். வயசானவர்களுக்கு அது ஆபத்து. அதனால்தான் வயசையும் உடம்பையும் பார்த்து, சர்க்கரை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதை டாக்டர்களே கொஞ்சம் தளர்த்துவதுண்டு. ‘டாக்டர் சொன்னா போட வேண்டியதுதானே’ என்றிருந்த பிள்ளையின் அபிப்பிராயம் இப்போது திருந்துகிறது. டாக்டரிடம் போய் “அப்பாவுக்குக் குறைந்த அளவில் ஆரம்பிக்கலாமா? இறங்கினா உடனே என்ன தரணும்?” என்று கேட்கத் தெரிகிறது. நைனா எதிர்க்காமல் தலையாட்டியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பானா?

இதற்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. எதிராளி சொல்வதை உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். “ஆமாம், அதைத்தான் சொல்றேன்” என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். சொல்லும்போது குரலில் கிண்டல் கலந்தால் பரீட்சையில் ஃபெயில்!

எல்லா நேரத்திலும் விவாதம் பண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சை அடைக்கிறது என்கிறார், முகம் ஒரு பக்கம் கோணுகிறது, பாம்பு கடித்துவிட்டது, குழந்தைக்கு வலிப்பு... அந்த நேரத்தில் கட்சி பேசாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அபிப்பிராயங்களை அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். அதே மாதிரி, நீங்கள் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டுப் போகிற ஆசாமிகள் உண்டு. அவர்களோடு மல்லுக்கட்டி உங்கள் பி.பி.யை ஏற்றிக்கொள்ள வேண்டாம். கடைசியாகப் பேசியவர் பக்கமே சாய்கிற ரகமும் உண்டு. அவர்கள் அபிப்பிராயத்தைத் திருத்திக்கொள்வதில்லை, சட்டை மாதிரி மாற்றிக்கொள்கிறார்கள்.

நம் நைனா வீட்டுக்கு வருவோம். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆகிறது. மூன்று மாசம் ஊசி போட்டுப் பார்ப்பது. தினம் காலையில் கால் பாதத்தை மருமகள் பார்ப்பது. தலைமாட்டில் குளுக்கோஸ் டப்பா. மூன்று மாசச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.ஒன்.சி. டெஸ்ட்டை இப்போது ஒன்று, முடிவில் ஒன்று எடுப்பது. என்ன எண் வந்தால் யார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே காலண்டர் பின்பக்கம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

ரிப்போர்ட் வருகிற அன்றைக்கு ஒரு விஷயம் மறக்காதீர்கள். கவரைப் பிரித்து முதலில் படிக்க வேண்டியவர் நைனாதான்.